நாத்தனார் எதையும் மறைக்கவில்லை

கேள்வி (நவம்பர் 14): என் நாத்தனாரின் பட்டர் கேக் சொந்தக்காரர்கள் மத்தியில் ரொம்பப் பிரசித்தம். கெஞ்சிக் கூத்தாடி எழுதி வாங்கினேன். மைதா 2 கப், சீனி 1½ கப், வெண்ணெய் 1 கப், முட்டை 4, பவுடர் 2 ஸ்பூன், எசன்ஸ் கொஞ்சம், மிதமான சூட்டில் வேகவிடவும். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். செய்கிற போதெல்லாம் நடுவில் குழி விழுகிறது. வேண்டுமென்றே எதையோ விட்டுவிட்டுத் தந்திருக்கிறார் என்று என் அம்மா அடித்துச் சொல்கிறார். இப்படியெல்லாம் செய்வார்களா?

நவம்பர் 14, இரவு

மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் இந்தக் குறிப்பைப் பார்த்தால் உங்கள் நாத்தனார் அந்த ரகம் என்று எனக்குத் தோன்றவில்லை. கை பழகிப் பழகி, தான் என்ன செய்கிறோம் என்பதே கண்ணில் படாமல் போன ஒருவர் எழுதின குறிப்பு இது. சாமான்களை எல்லாம் எழுதிவிட்டார். எந்த டின், எந்தக் கப், எந்த ஸ்பூன், வெண்ணெய் என்ன பதத்தில் இருக்க வேண்டும், ஓவனில் எத்தனை டிகிரி, இது ஒன்றும் இல்லை. அவருக்கு இதெல்லாம் எழுதவேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது. பல்லாண்டுகளாக ஒரே டின்னில் ஊற்றுகிறவருக்கு டின் அளவு எதற்கு?

நடு அமுங்குகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டின்னைத்தான். இந்த அளவு மாவுக்கு 9 அங்குல வட்ட டின் வேண்டும். நீங்கள் 7 அங்குலத்தில் ஊற்றியிருந்தால், அவர் டின்னில் ஒரு அங்குலம் நிற்கிற மாவு உங்களுக்கு ஒன்றரை அங்குலத்துக்கும் மேலே ஏறி நிற்கும். ஓரமும் மேல்பக்கமும் வெந்து நிறம் வந்துவிடும், நடுவில் மாவு இன்னும் குழைவாக இருக்கும், வெளியே எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும். 7க்கும் 9க்கும் இரண்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் பரப்பளவில் 49க்கு 81.

இரண்டாவது சந்தேகம் அந்த ‘2 ஸ்பூன்’. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. பெரிய ஸ்பூனால் போட்டிருந்தால் கேக் ஜோராக எழும்பி, தாங்க முடியாமல் விழும். அப்புறம் ‘பவுடர்’ என்று அவர் சொன்னது பேக்கிங் பவுடரா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆப்ப சோடாவையே பவுடர் என்று சொல்கிற வீடுகள் உண்டு. சோடா கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம்.

டின் அளவைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம். அதுவரை நாத்தனாரைச் சந்தேகப்பட வேண்டாம்.

நவம்பர் 15, காலை

கப் பற்றி நேற்று ஒரு வரியோடு விட்டது உறுத்துகிறது.

என் தங்கை மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே ஒரு கப் 250 மில்லி, டேபிள்ஸ்பூன் 20 மில்லி. அமெரிக்கக் குறிப்புகளில் கப் 240 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, டேபிள்ஸ்பூன் 15. அவள் அனுப்புகிற குறிப்பில் 3 டேபிள்ஸ்பூன் என்றால் 60 மில்லி, அதையே நான் இங்கே அளந்தால் 45. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரோ இரண்டிலும் சேராது. இது போக, மைதாவை எப்படி எடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. சலித்து மெதுவாக ஸ்பூனால் அள்ளிப்போட்டால் கப்புக்கு 120 கிராம் வரும். பாத்திரத்துக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். இரண்டு கப்புக்கு 60 கிராம் கூடிவிட்டால் கேக் செங்கல்தான்.

அதனால் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிற குறிப்பில் கிராம் போட்டு எழுதுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமையலறைத் தராசு வாங்க ஒரு கிலோ முந்திரியின் விலைகூட ஆகாது.

நவம்பர் 18

‘எங்கள் ஆச்சி காலத்தில் ஏது தராசு, ஏது கிராம்? எல்லாம் கண் அளவுதானே, எப்படி அவ்வளவு நன்றாக வந்தது?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண் அளவு என்பது பாதிக் கதை.

என் ஆச்சிக்குப் பாளையங்கோட்டை. அவருடைய நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, உள்ளே பாதிக்கு மேல் மளிகைக் கணக்கு, நடுநடுவே பலகாரக் குறிப்பு. கேக்குக்கு நாலே நாலு வரி. வெண்ணெய் 8 பலம், சீனி 8 பலம், மாவு 8 பலம், முட்டை 8. கீழே பென்சிலில், ‘ஜாதிக்காய் சொரண்டல்’. முடிந்தது.

பலம் என்பது கிலோ வருவதற்கு முந்தைய எடை. 1956இல் சட்டம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிலோவுக்கு மாறினோம். அதுவரை நம் பக்கம் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 40 பலம் ஒரு வீசை. ஒரு தோலா 11.66 கிராம், ஆகவே ஒரு பலம் 35 கிராம், 8 பலம் 280 கிராம். சரி, அப்படியானால் முட்டை ஏன் எண்ணிக்கையில் இருக்கிறது? ஆச்சி வீட்டில் இருந்தது நாட்டுக்கோழி. நாட்டுக்கோழி முட்டை ஓட்டோடு 38 கிராம் அளவில் இருக்கும், உடைத்து ஊற்றினால் 34, 35. அதாவது முட்டைக்கு ஒரு பலம். நாலு சாமானும் சம எடை! இங்கிலாந்துக்காரர்கள் ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், போட்டுச் செய்கிற பவுண்டு கேக்கின் கணக்கும் இதேதான். ஆச்சியின் கேக் கண் அளவே இல்லை, மிகக் கறாரான எடைக் கணக்கு. அதை நாலு வரியில் எழுத முடிந்ததும் அதனால்தான்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? குறிப்பில் முட்டை 8 என்று இருக்கிறது, கடைக்குப் போய் எட்டு வெள்ளை முட்டை வாங்கி உடைக்கிறோம். பண்ணை முட்டை ஓட்டோடு 50, 52 கிராம், உள்ளே 46. எட்டு முட்டைக்கு 368 கிராம் ஆகிவிட்டது. மற்ற மூன்றும் 280இல் நிற்கின்றன. கேக் ரப்பர் மாதிரி வருகிறது, முட்டை வாடை அடிக்கிறது, ‘ஆச்சி கை யாருக்கு வரும்’ என்று பெருமூச்சு விடுகிறோம். ஆறு முட்டை போட்டால் 276 கிராம், கணக்கு நேராகிவிடும். எங்கள் வீட்டில் மாமா, சித்தி என்று எல்லாரும் ஆச்சிக்குப் பிறகு அந்தக் கேக் இல்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஆறு முட்டைக் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு மாமா இன்னொரு துண்டு வெட்டச் சொன்னார்கள், வேறொன்றும் பேசவில்லை.

கைப்பக்குவம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நவம்பர் 19

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே போடக்கூடாதா என்று கேட்டவருக்கு: ஆமாம், போடக்கூடாது. வெண்ணெயும் சீனியும் நுரைக்க அடித்திருக்கும்போது குளிர்ந்த முட்டை விழுந்தால் வெண்ணெய் இறுகித் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். திரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரு ஸ்பூன் மைதா போட்டு மறுபடி அடித்தால் கூடிவரும்.

நவம்பர் 23

கைப்பக்குவம் விஷயத்துக்கு வருகிறேன், ஆனால் சுற்றித்தான் வருவேன்.

பழைய குறிப்புகளில் சூடு என்ற ஒன்று இருக்கவே இருக்காது. காரணம், பல வீடுகளில் கேக் வீட்டில் வேகவில்லை. மாவை அடிப்பது மட்டும்தான் வீட்டில். ஊற்றின டின்களைத் துணி போட்டு மூடிப் பக்கத்து பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அந்த பேக்கரி வாசலில் கூட்டம் நிற்கும். யார் டின் எது என்று மாறிப் போகாமல் இருக்க, எங்கள் டின்னில் ஆணியால் கீறின ஒரு சிலுவையும் அதன் கீழே ஆச்சி பேரின் முதல் எழுத்தும் இருக்கும். சிலர் மாவு மேலேயே முந்திரிப் பருப்பில் எழுத்து அடுக்கி அனுப்புவார்கள். டின் பேர் மாறினாலும் கேக் பேர் மாறாது.

அந்த விறகு அடுப்பில் முதலில் ரொட்டி போடுவார்கள். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பு தன் பாட்டில் ஆறிக்கொண்டு வரும், அந்த இறங்குகிற சூட்டில்தான் கேக் உள்ளே போகும். பழம் போட்ட பிளம் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான சூடு கிடையாது. நாம் இப்போது ஓவனில் 150 டிகிரி வைத்து இரண்டரை மணி நேரம் காத்திருப்பது அதையே திரும்பக் கொண்டுவரத்தான். பேக்கரிக்காரர் நீளக் கைப்பிடித் தட்டையால் டின்னை முன்னால் இழுத்து, தென்னை ஈர்க்கை நடுவில் குத்தி வெளிச்சத்தில் பார்ப்பார். ஈர்க்கில் மாவு ஒட்டினால் மறுபடி உள்ளே. கடியாரம் எதுவும் கிடையாது.

ஆக, ஆச்சிகளின் குறிப்பில் பாதி வேலை இன்னொருவர் கையில் இருந்தது. அந்த பேக்கரிக்காரரின் குறிப்பை யாரும் எழுதி வாங்கவில்லை. பேத்திகள் வீட்டு ஓவனில் 180 வைத்து ‘மிதமான சூடு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள், மேலே கறுத்துவிடுகிறது.

பேக்கரிக்கு அனுப்ப வழி இல்லாத வீடுகளில் அகலமான சட்டியில் ஆற்றுமணல் பரப்பி, மேலே டின் வைத்து, மூடி மேல் தணல் அள்ளிப்போட்டு வேகவைத்ததும் உண்டு. அடியிலும் தணல், தலையிலும் தணல். அதற்கப்புறம் மூடியில் கண்ணாடி வைத்த வட்ட அலுமினிய ஓவன் வந்தது, பல வீடுகளில் பரண்மேல் இன்னும் இருக்கும். குக்கரில் விசிலும் கேஸ்கட்டும் எடுத்துவிட்டு உப்புப் போட்டு வேகவைப்பது இன்றும் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். குறிப்பு ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா?

இதில் கைப்பக்குவம் எங்கே இருக்கிறதென்றால், அந்த ஈர்க்கைப் பார்க்கிற கண்ணில் இருக்கிறது. வெண்ணெயும் சீனியும் அடிக்கும்போது மஞ்சள் நிறம் வெளுத்து, பாத்திரத்து ஓரத்தில் சீனி நறநறக்கிற சத்தம் குறைந்து வரும், அந்தச் சத்தத்தைக் கேட்கிற காதில் இருக்கிறது. ‘ஏட்டி, கடியாரத்தப் பாக்காத, மாவப் பாரு’ என்று ஆச்சி சொல்லும். இதை எழுத முடியுமா என்று கேட்டால், இதோ இப்போது எழுதியிருக்கிறேனே. எழுதலாம். யாரும் எழுதச் சொல்லிக் கேட்பதில்லை, அவ்வளவுதான். சாமான் பட்டியலைத்தான் கேட்கிறோம்.

நவம்பர் 24

வீட்டு ஓவன் காட்டுகிற டிகிரியை நம்பலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நிறைய ஓவன்கள் 20 டிகிரி வரை முன்னே பின்னே இருக்கும். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் வாங்கிவிட்டால் நல்லது. இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. சீனி உருகுவது 186 டிகிரியில். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சீனியைப் பரப்பி, 180இல் நன்றாகச் சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் வையுங்கள், உருகக்கூடாது. எடுத்துவிட்டு வேறு சீனியை 190இல் வையுங்கள், உருக வேண்டும். 180லேயே உருகிவிட்டால் உங்கள் ஓவன் சொல்வதைவிட அதிகச் சூடு. அந்த வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஓவன் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

நவம்பர் 29

மறைப்பதைப் பற்றி. முதல் நாள் பதில் சொன்னபோது போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போனேன். அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு மாமி முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போட்டு விற்கிறார்கள். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த எண்ணெய்ச் சட்டிதான். அவர்களிடம் போய், ‘மாமி, கொத்துக்குப் பாசிப்பயறு எவ்வளவு, கருப்பட்டிப் பாகு என்ன பதம், எழுதிக் கொடுங்க’ என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமி சிரித்துக்கொண்டே, ‘எல்லாம் ஒரு குத்துமதிப்புதான் மக்கா’ என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர் வெளியே வந்து, ‘சொல்லமாட்டாங்க பாத்தியா’ என்பார். இதில் மாமியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சம்பாத்தியத்துக்குச் செய்கிறவரிடம் குறிப்பு கேட்கக்கூடாது, வாங்கிச் சாப்பிட வேண்டும். அவர்களாக ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால் அது வேறு.

அப்புறம் காசு சம்பந்தப்படாத மறைப்பு ஒன்று உண்டு. பெரிய குடும்பத்தில், எந்தப் பேச்சிலும் தன் சொல் எடுபடாத ஒரு மதினி. ஆனால் கல்யாணமோ சடங்கோ என்றால் அந்தக் கேக்குக்காக மட்டும் அவரைத் தேடுவார்கள். அந்தக் குறிப்பை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் யார் தேடப் போகிறார்கள் என்று அவர் நினைத்தால், அந்தப் பயம் நியாயமானது. தப்பு அந்தக் குடும்பத்தின் பேரில். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. குறிப்பு வேண்டுமென்று கேட்பதற்கு முன்னால், குறிப்பு இல்லாத நாட்களிலும் அவரை மதிக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் உங்களை நம்பித் தந்த குறிப்பை அப்படியே வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் தட்டிவிடுவது. கேட்டுவிட்டு அனுப்புங்கள். அனுப்பும்போது அவர் பெயரை நீக்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ‘பட்டர் கேக்’ என்று ஒரு குறிப்பும் கிடையாது. பாளையங்கோட்டை ஆச்சி கேக், டவுன் சித்தி கேக், மதுரை அத்தை பிஸ்கட், இப்படித்தான். யார் என்ன மாற்றினார்கள் என்பதையும் கீழே எழுதுவோம். ‘சித்தி ஒரு பங்கு மைதாவைக் குறைத்து ரவை சேர்ப்பார்கள்’ என்று.

டிசம்பர் 2

ரவை என்றதும் என் யாழ்ப்பாணத் தோழி பிடித்துக்கொண்டாள். அவர்கள் ரிச் கேக்கில் ரவைதான், மைதா இல்லை. முந்திரி, பாகில் ஊறின நீற்றுப்பூசணி, இஞ்சிப் பாகு, தேன், பன்னீர், பிராந்தி எல்லாம் போட்டு, விரல் நீளத்துக்கு வெட்டித் தாளில் சுற்றிக் கல்யாணத்தில் கொடுப்பார்கள். அவள் அம்மம்மாவின் குறிப்பு ‘முட்டை மஞ்சள் 25’ என்று ஆரம்பிக்கிறது. வெள்ளைக்கருவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுங்கள் என்று நானே பதிலும் சொன்னேன். அந்த ஊர் மக்ரூனுக்கு வேண்டியது வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே மூன்று. ஆனால் வீட்டில் போடுகிறவர்கள் மழை நாளில் போடாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் சீனி அதை இழுத்துக்கொள்ளும், எவ்வளவு காயவைத்தாலும் பிசுபிசுக்கும். வெயில் நாள் பாருங்கள், ஆறினதும் உடனே டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள்.

டிசம்பர் 3

வெண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு. ‘அறை வெப்பநிலையில்’ என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் இருப்பது 20 டிகிரி அறை. சென்னையில் மே மாதம் வெண்ணெயை வெளியே வைத்தால் கால் மணியில் எண்ணெய். உருகின வெண்ணெயில் காற்று பிடிக்காது, எவ்வளவு அடித்தாலும் கேக் எழும்பாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது, அதுதான் பதம். வெயில் காலத்தில் அடிக்கிற பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து அடியுங்கள். டிசம்பரில் நம் ஊர்க் கேக்குகள் தன்னால் நன்றாக வருவதற்குக் கர்த்தர் கிருபையோடு வடகிழக்குப் பருவமழையும் ஒரு காரணம்.

டிசம்பர் 6

இனி கொடுக்கிற வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் பேசாமல் விடுகிற விஷயம் ஒன்று, இந்த வருஷம் பேசிவிடலாம்.

எங்கள் தெருவில் தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வரும், நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து தட்டு போகும். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது, ஒரு கை சீனியாவது போட்டுத்தான் போகும். இதெல்லாம் சந்தோஷம். ஆனால் தட்டில் இருப்பது என்ன என்பதைச் சொல்லிக் கொடுக்கிறோமா? பிளம் கேக்கில் பழம் ரம்மில் ஊறியிருக்கும். கேக் என்றாலே முட்டை. முந்திரியோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அது சும்மா அரிப்போடு போகிற விஷயம் இல்லை, மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற விஷயம். ‘வேகும்போது ரம் எல்லாம் ஆவியாகிவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். முழுக்கப் போகாது. போனாலும், வேண்டாம் என்று விலக்கி வைத்திருக்கிறவருக்கு அதைச் சொல்லாமல் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

நான் பழம் ஊறப்போடும்போதே இரண்டு பாட்டிலாகப் பிரித்துவிடுவேன். ஒன்று ரம், ஒன்று ஆரஞ்சுச் சாறு. சாற்றில் போட்டதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், ரம்மில் போட்டது மாதக்கணக்கில் இருக்கும். பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கு ஆரஞ்சுச் சாறு கேக். எதிர்வீட்டு மாமிக்கு முட்டை இல்லாத கண்டென்ஸ்டு மில்க் கேக், அதற்குத் தனிக் கரண்டி, தனி டின். ஒவ்வொரு தட்டோடும் ஒரு துண்டுச் சீட்டு: முட்டை உண்டு, முந்திரி உண்டு, மது இல்லை, இந்தத் தேதிக்குள் சாப்பிடவும். முதலில் இதைப் பார்த்து, ‘கடைக்காரி மாதிரி லேபிள் ஒட்டுறியே’ என்று சொன்ன அத்தையே இப்போது அவர்கள் தட்டுக்கும் சீட்டு எழுதித் தரச் சொல்கிறார்கள்.

டிசம்பர் 7

நேற்றைக்கு ஒரு சேர்ப்பு. முட்டையில்லாக் கேக் குறிப்புகளில் ‘கண்டென்ஸ்டு மில்க் 1 டின்’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். பழைய குறிப்புகளில் டின் என்றால் 400 கிராம். இப்போது கடையில் கைக்கு வருவது 380. டின்னைக் கம்பெனிக்காரர்கள் மாற்றுவார்கள், கிராம் மாறாது.

டிசம்பர் 13

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருப்பதைப் படித்தேன், மனசு நிறைந்துவிட்டது. டின் 7 அங்குலம்தான். ஆனால் அது இல்லை விஷயம். நாத்தனாரிடம் ‘அண்ணி, நீங்க செய்யிறப்போ நான் பக்கத்துல நிக்கட்டுமா’ என்று கேட்டாராம். அவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, தன் டின்னையும் எடுத்து வைத்து, மாவைக் கையில் எடுத்துக் காட்டி, ‘இவ்வளவு இறுக்கமா இருந்தா ரெண்டு ஸ்பூன் பால் விடு’ என்றாராம். அந்தப் பால் எழுதிக் கொடுத்த குறிப்பில் இல்லை. ‘அது எழுதணுமா? மாவைப் பார்த்தா தெரியுமே’ என்று ஆச்சரியப்பட்டாராம்.

அம்மா சொன்னதும் ஒருவகையில் சரிதான், ஒரு பொருள் விட்டுப்போயிருந்தது. விட்டவருக்கு அது தெரியாது, அதுதான் வித்தியாசம். நீங்கள் அங்கே நின்று பார்த்ததையெல்லாம் இப்போதே எழுதி நாத்தனாரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அவர் பிள்ளைகளுக்கும் ஆகும்.

டிசம்பர் 16

பலர் கேட்டதால் ஆச்சி கேக்கை முழுசாக எழுதுகிறேன், எதையும் விடாமல்.

உப்பில்லாத வெண்ணெய் 280 கிராம், பொடித்த சீனி 280, மைதா 280, முட்டை ஆறு (உடைத்து எடை போடுங்கள், 275இலிருந்து 285க்குள் இருந்தால் சரி). பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், அது ஆச்சி நோட்டில் இல்லை, ஆச்சி வெள்ளைக்கருவைத் தனியாக அடித்துச் சேர்ப்பார்கள், நமக்குக் கை அவ்வளவு தாங்காது. உப்பு கால் டீஸ்பூன். அமுல் மாதிரி உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் இந்த உப்பு வேண்டாம். ஜாதிக்காய் துருவல் இரண்டு சிட்டிகை. பால் இரண்டு டேபிள்ஸ்பூன் பக்கத்தில் இருக்கட்டும்.

மைதா, பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலியுங்கள். வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும்வரை அடியுங்கள், மெஷினில் ஏழெட்டு நிமிஷம், மரக்கரண்டியால் என்றால் ஆள் மாற்றி ஆள். முட்டையைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் கூடிவந்த பிறகே அடுத்தது. மைதாவை மூன்று தவணையாகப் போட்டு மடித்துக் கலக்குங்கள், அடிக்கக்கூடாது, இந்த நேரத்தில் அடித்தால் கேக் இறுகும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மாவு ஒரு மூச்சு தயங்கி, பிறகு பொத்தென்று விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் பால்.

8 அங்குல வட்ட டின், உயரம் 3 அங்குலம், அடியிலும் ஓரத்திலும் தாள். முன்கூட்டியே சூடேற்றின ஓவனில் நடுத்தட்டில், 170 டிகிரி, 50இலிருந்து 60 நிமிஷம். முதல் 35 நிமிஷம் கதவைத் திறக்க வேண்டாம். மேலே சீக்கிரம் நிறம் வந்தால் அலுமினியத் தாளை லேசாக மூடுங்கள். ஈர்க்கு சுத்தமாக வர வேண்டும், கேக் டின் ஓரத்தை விட்டு நூலிழை விலகி நிற்கும். பத்து நிமிஷம் டின்னில், பிறகு வெளியே. அன்றைக்கே வெட்டாதீர்கள், மறுநாள்தான் ருசி கூடும்.

8 அங்குலம் இல்லையென்றால் 6 அங்குலத்தில் இரண்டாக ஊற்றலாம், 40 நிமிஷத்திலிருந்து குத்திப் பாருங்கள்.

டிசம்பர் 20

காகிதக் கப்பில் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. கப்புக்கு 50 கிராம் மாவு, முக்கால் பாகத்துக்கு மேல் வேண்டாம், 170இல் 20 நிமிஷம். இந்த அளவுக்கு 22 கப் வரை வரும், தெரு முழுக்கக் கொடுக்க வசதி. அனுப்புகிற டப்பாவில் கேக் நன்றாக ஆறின பிறகே மூடி போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துத் தண்ணீர் சொட்டி மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும்.